ஸ்டாம்பு ஹிஞ்ச் கோளாறுகள்: கண்ணில் படுவது என்ன, காரணம் என்ன, சரிசெய்வது எப்படி

ஹிஞ்ச் என்பது கட்டைவிரல் நகத்தின் அளவில் ஒரு மெல்லிய கிளாசின் தாள், அதாவது வெளிச்சம் ஓரளவு ஊடுருவும் வழவழப்பான காகிதம். ஒரு பக்கம் மட்டும் பசை. கடையில் வாங்கும்போதே மடித்திருக்கும். பசை வெளிப்பக்கம், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சின்ன மடிப்பு, மீதி பெரிய மடிப்பு. சின்ன மடிப்பு ஸ்டாம்பின் முதுகில் ஒட்டும், பெரிய மடிப்பு ஆல்பத் தாளில் ஒட்டும். கதவுக்குக் கீல் எப்படியோ ஸ்டாம்புக்கு இது அப்படி. தூக்கினால் தூக்கும், விட்டால் படியும்.

முப்பது வருடங்களுக்கு மேலாக ஒட்டியும் பிரித்தும் வருகிறேன். இதில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை ஈரத்தால் வருபவை. ஈரம் கூடிப்போயிருக்கும், குறைந்துபோயிருக்கும், அல்லது காயும் முன்பே கை வைத்திருப்போம். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்க்காரர்களுக்கு இன்னொன்றும் உண்டு. நாம் தொடாமலே காற்று ஈரத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். அதனால் கீழே எந்த அறிகுறியைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இங்கே ஈரம் எவ்வளவு இருந்தது?

ஒட்டும் முறையை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். ஸ்டாம்பைக் கவிழ்த்து வையுங்கள். ஹிஞ்சை இடுக்கியால் பிடித்து, சின்ன மடிப்பின் பசையில் மட்டும் நாக்கு நுனியையோ ஈரத் துணியையோ ஒரே ஒரு தடவை தொடவிடுங்கள். மேல் பல் ஓரத்துக்குக் கீழே (ஸ்டாம்பின் விளிம்பில் பற்கள் போல இருப்பதைத்தான் பல் என்கிறோம்) ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டு, நடுவில் ஒட்டுங்கள். பிறகு பெரிய மடிப்பின் கீழ்ப்பாதியை மட்டும் நனைத்து ஆல்பத்தில் வையுங்கள். சுத்தமான ஒரு தாளை மேலே போட்டு மென்மையாக அழுத்துங்கள். உடனே ஸ்டாம்பை இடுக்கியால் ஒருமுறை லேசாகத் தூக்கிப் பாருங்கள், பசை ஓரத்தில் கசிந்து ஒட்டியிருக்கிறதா என்று. வேலை முடியும்வரை மின்விசிறி ஓடக்கூடாது.

ஆல்பத்தைப் புரட்டினால் ஸ்டாம்பு உதிர்ந்து விழுகிறது

விழுந்த ஸ்டாம்பை எடுத்து முதுகைப் பாருங்கள். ஹிஞ்ச் ஸ்டாம்போடு இருந்தால் ஆல்பத் தாள் பக்கம் பிடிக்கவில்லை. ஹிஞ்ச் ஆல்பத்திலேயே நின்றுவிட்டால் ஸ்டாம்பு பக்கம் பிடிக்கவில்லை. இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

தாள் பக்கம் பிடிக்காமல் போனால், ஆல்பத் தாள் வழவழப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். பளபளக்கும் தாளில் ஹிஞ்ச் நிற்காது, கொஞ்சம் சொரசொரப்பான தடித்த தாள்தான் தோது. இன்னொரு காரணம், விரல் எண்ணெய். சாப்பிட்டுவிட்டுக் கை துடைத்தாலும் விரலில் எண்ணெய் மிச்சம் இருக்கும். தாளை எத்தனை முறை தடவினோமோ அத்தனை முறை அது ஏறும்.

ஸ்டாம்பு பக்கம் பிடிக்காமல் போனால், ஹிஞ்சைக் குழைய நனைத்திருப்பீர்கள். இது கேட்க வினோதமாக இருக்கும், ஆனால் அதிக ஈரம் பசையைக் கரைத்து எடுத்துக்கொண்டு போய்விடும். நாக்கில் வைத்துச் சப்பியெடுத்த ஹிஞ்சில் பசையே மிச்சம் இருக்காது. அல்லது பாக்கெட் பழையது. இரண்டு மழைக்காலம் அலமாரியில் கிடந்த பாக்கெட்டில் பசை இறந்திருக்கும். சோதிப்பது சுலபம். ஒரு ஹிஞ்சை எடுத்து வேண்டாத காகிதத்தில் ஒட்டி, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் அந்தப் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். பசையைத் தனியாகத் தடவிக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். வீட்டில் இருக்கும் கோந்தும் ஃபெவிகாலும் ஸ்டாம்பின் முதுகுக்கு ஆகவே ஆகாது.

ஹிஞ்சைப் பிரித்தால் ஸ்டாம்பின் முதுகும் சேர்ந்து வருகிறது

எல்லாக் கோளாறுகளிலும் இதுதான் திரும்பச் சரிசெய்ய முடியாதது. அதனால் இதில் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

எனக்குப் பதினான்கு வயது. சித்தப்பாவின் ஆல்பத்தில் 1948 ஆகஸ்ட் 15 அன்று வெளிவந்த காந்தி வரிசை இருந்தது. சுதந்திரத்தின் முதல் ஆண்டு நிறைவுக்காக ஒன்றரை அணா, மூன்றரை அணா, 12 அணா, 10 ரூபாய் என நான்கு மதிப்புகள். சுவிட்சர்லாந்தின் கூர்வாசியே அச்சகத்தில் அச்சானவை. 10 ரூபாய் அவரிடம் இல்லை. மற்ற மூன்றும் இருந்தன. ஐப்பசி மாதம், நல்ல மழை. அன்று மத்தியானம் அவர் 12 அணாவைப் புது ஹிஞ்சில் ஒட்டினார். சாயங்காலம் அது சற்றுச் சாய்வாகத் தெரிந்தது. நேர்செய்யலாம் என்று நான் மெதுவாகத்தான் இழுத்தேன். ஹிஞ்ச் கையோடு வந்தது, அதன் அடியில் வெள்ளையாகப் பஞ்சு போல ஓர் இழை. ஸ்டாம்பை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தபோது காந்தியின் தலைக்குப் பின்னால் ஒரு திட்டு மட்டும் வெளிச்சமாகத் தெரிந்தது. சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஸ்டாம்புக்குக் கீழே பென்சிலால் ‘மேல்புறம் தின்’ என்று எழுதி வைத்தார். சேகரிப்பாளர்கள் இந்தச் சேதத்தை ஆங்கிலத்தில் ‘தின்’ (thin) என்றுதான் சொல்வார்கள். தாள் முழுதாகக் கிழியாமல் உள்ளே ஒரு அடுக்கு மட்டும் மெலிந்துபோவது.

காரணம் இதுதான். பசை ஈரமாக இருக்கும்போது ஸ்டாம்பின் தாளும் அந்த இடத்தில் ஊறி நார் தளர்ந்திருக்கும். இழுத்தால் பசை விடாது, நார்தான் விடும். நன்றாகக் காய்ந்த பிறகு பசை இறுகிக் கண்ணாடி போல ஆகிவிடும், நல்ல ஹிஞ்ச் அப்போது சருகு போலக் கழன்று வரும். வெயில் காலத்தில் அரை மணியிலேயே காய்ந்துவிடலாம். ஐப்பசி, கார்த்திகையில் நான் ஒரு முழு இரவு விடுவேன். சாய்வாக ஒட்டிவிட்டால் முதல் சில விநாடிகளுக்குள் நகர்த்திச் சரிசெய்துவிட வேண்டும். அந்த நேரம் தவறிவிட்டால் நாளை காலைவரை அது சாய்ந்தே இருக்கட்டும்.

பிரிக்கும் கோணமும் முக்கியம். ஸ்டாம்பை ஹிஞ்சிலிருந்து இழுக்கக்கூடாது, ஹிஞ்சை ஸ்டாம்பிலிருந்து உரிக்க வேண்டும். ஸ்டாம்பைக் கவிழ்த்து, ஒரு விரலால் அழுத்திப் பிடித்து, இடுக்கியால் ஹிஞ்சின் ஓரத்தைப் பற்றி, ஸ்டாம்பின்மேல் படிந்தாற்போலப் பின்னோக்கி மடக்கி இழுத்து வாருங்கள். செங்குத்தாக மேலே தூக்கினால் விசை முழுவதும் தாளின் நாரில் விழும். பாதியில் இறுக்கம் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள், மறுபக்கத்திலிருந்து முயலுங்கள். அங்கும் இறுக்கம் என்றால் விட்டுவிடுங்கள். ஸ்டாம்பின் முதுகில் ஹிஞ்ச் துண்டு இருப்பது ஒரு குறைதான், ஆனால் தின் ஆவதைவிட அது எவ்வளவோ தேவலை.

சரக்கின் தரமும் இதில் சேரும். அமெரிக்காவின் டென்னிசன் நிறுவனம் செய்த ஹிஞ்சுகளை மூத்த சேகரிப்பாளர்கள் இன்றும் விசாரிப்பார்கள். காய்ந்தால் தடமே இல்லாமல் கழன்று வரும் என்பதால்தான். அவற்றின் உற்பத்தி நின்று பல பத்தாண்டுகள் ஆகின்றன. இப்போது கிடைக்கும் வகைகளில் எது கழலும், எது கழலாது என்பதை நல்ல ஸ்டாம்பில் சோதிக்கக்கூடாது. புது பாக்கெட் வாங்கினால் நான்கைந்து சாதாரண ஸ்டாம்புகளில் ஒட்டி, மறுநாள் பிரித்துப் பாருங்கள். ஒன்றில் முதுகு பிய்ந்தாலும் அந்தப் பாக்கெட் என் ஆல்பத்துக்குள் வராது.

தின் இருக்கிறதா என்று தெரிய வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாலே பெரும்பாலும் போதும். தாளுக்குள் மறைந்திருக்கும் வாட்டர்மார்க் குறியைப் பார்க்கும் திரவத்தைக் கருப்புத் தட்டில் ஊற்றி ஸ்டாம்பைக் கவிழ்த்துப் போட்டால் மெலிந்த இடம் கருந்திட்டாகத் தெரியும். ஆனால் கிராவூர் முறையில், அதாவது குழி வெட்டிய உருளையில் மை நிரப்பி, அச்சான சில ஸ்டாம்புகளின் மை, பென்சின் கலந்த திரவத்தில் கரையும். 1948 காந்தியும் கிராவூர்தான், அதை நான் வெளிச்சத்தில் மட்டுமே பார்ப்பேன். அந்தத் திரவம் சட்டென்று தீப்பிடிக்கக்கூடியது, சமையலறைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

ஸ்டாம்பே தாளோடு ஒட்டிக்கொண்டது

ஹிஞ்சின் பசை ஓரத்தில் கசிந்திருக்கும், அல்லது பயன்படுத்தாத, முதுகில் பசையோடு இருக்கும் மின்ட் ஸ்டாம்பு மழைக்கால ஈரத்தில் தானே இளகித் தாளைப் பிடித்திருக்கும். கத்தியை உள்ளே விட்டுப் பார்க்காதீர்கள். ஆல்பத் தாளைத் தியாகம் செய்யுங்கள். ஸ்டாம்பைச் சுற்றி விரல் அகலம் விட்டுத் தாளை வெட்டி எடுத்துவிடுங்கள்.

முத்திரை விழுந்த பழைய ஸ்டாம்பு என்றால் அந்தத் துண்டோடு சாதாரணத் தண்ணீரில் மிதக்க விடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தானாக விட்டுவிடும். வெந்நீர் வேண்டாம். வண்ண உறையிலிருந்து வெட்டிய ஸ்டாம்பைத் தனிப் பாத்திரத்தில் போடுங்கள், சிவப்பு, பச்சைச் சாயம் கரைந்து எல்லாவற்றிலும் ஏறும். சில ஸ்டாம்புகளுக்குத் தண்ணீரே ஆகாது. பிரிட்டனின் 1883-84 விக்டோரியா வரிசையில் இளஊதா, பச்சை நிற ஸ்டாம்புகளை வேண்டுமென்றே தண்ணீர் பட்டால் கரையும் மையில் அச்சடித்தார்கள், முத்திரையைக் கழுவிவிட்டு மறுபடி பயன்படுத்தாமல் இருக்க. அவற்றை நனைத்தால் நிறம் போய்விடும்.

மின்ட் என்றால் தண்ணீரில் போட்டவுடன் பசையும் போய்விடும். மூடியுள்ள டப்பாவின் அடியில் ஈரப் பஞ்சு வைத்து, அதில் படாமல் மேலே ஒரு வலைத்தட்டில் ஸ்டாம்பை வைத்து மூடுங்கள். மணிக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பசை இளகும் நேரத்தில் மெதுவாகக் கழற்றி, பசைப் பக்கம் மேலே இருக்கும்படி காயவிடுங்கள். பசை பழையபடி சமமாக இருக்காது. அதைத் தெரிந்துகொண்டே செய்யுங்கள்.

தூக்கிப் பார்த்தால் குறுக்கே மடிப்பு விழுகிறது, மேல் பல் வளைகிறது

ஹிஞ்சைத் தாழ்வாக, நடு முதுகில் ஒட்டினால் வரும் தொல்லை. தூக்கும்போது ஸ்டாம்பு ஹிஞ்சின் மேல் விளிம்பில் மடங்கும். கொஞ்ச நாளில் அங்கே ஒரு கோடு நிலைத்துவிடும். நேர்மாறாக, பல்லின்மேலேயே ஒட்டினால் பல் வளைந்து உடையும், முன்பக்கத்தில் ஹிஞ்சும் எட்டிப்பார்க்கும். மேல் பல்லுக்குக் கீழே, பல்லைத் தொடாமல். இதுதான் இடம். உயரத்தைவிட அகலம் கூடிய குறுக்கு ஸ்டாம்புக்கும் படத்தின் மேல் விளிம்பில்தான். நான்கு ஸ்டாம்பு சேர்ந்த கட்டம், ஸ்டாம்பு பதித்த சிறு தாளான மினியேச்சர் ஷீட், வெளியீட்டு நாளின் முத்திரையோடு வரும் முதல் நாள் உறை ஆகியவற்றை ஹிஞ்ச் தாங்காது. இரண்டு ஹிஞ்ச் போட்டால் தாங்கும் என்று நினைப்பதும் சரியில்லை. ஒன்று முந்திக் காய்ந்து மற்றதை இழுத்துச் சுருக்கிவிடும். உறைகளுக்கு மூலையில் மாட்டும் போட்டோ கார்னர்கள் இருக்கின்றன.

முதுகில் பழைய ஹிஞ்ச் மிச்சங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன

பழைய ஆல்பம் வாங்கினால் இது கண்டிப்பாக இருக்கும். ஒவ்வொரு கையிலும் ஒரு ஹிஞ்ச் ஏறி, கிழிந்த துண்டுகள் அடுக்கடுக்காக நிற்கும். இன்னும் பழைய ஆல்பங்களில் ஹிஞ்சே இருக்காது, ஸ்டாம்பு ஷீட்டின் வெள்ளை ஓரத்தை வெட்டி மடித்து ஒட்டியிருப்பார்கள். அந்தப் பசை கெட்டியானது, உரிக்க நினைக்கவே வேண்டாம்.

பயன்படுத்திய ஸ்டாம்புகள் என்றால் தண்ணீரில் போட்டு, ஹிஞ்ச் தானாகக் கழன்ற பிறகு எடுங்கள். ஈரத்தில் விரலால் தேய்க்காதீர்கள், அப்போதுதான் தாள் மிக பலவீனமாக இருக்கும். ஒற்றுத்தாளில் கவிழ்த்துப் போட்டு, அரைகுறையாகக் காய்ந்ததும் இரண்டு ஒற்றுத்தாள்களுக்கு நடுவே வைத்து, கனமான புத்தகத்தை ஏற்றி ஓரிரவு விடுங்கள். தட்டையாக வரும்.

மின்ட் என்றால் என் யோசனை: விட்டுவிடுங்கள். ஒருமுறை ஹிஞ்ச் பட்ட பசை ஒருபோதும் படாததாகாது. மிச்சத்தைச் சுரண்டி எடுத்தால் பசை கீறும். ஹிஞ்ச் துண்டுக்கு அடியில் தின் ஒளிந்திருக்கவும் வாய்ப்புண்டு. பழைய ஸ்டாம்பு வாங்கும்போது முதுகில் பெரிய ஹிஞ்ச் துண்டு இருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

பாக்கெட்டுக்குள்ளேயே ஹிஞ்சுகள் ஒட்டிக்கொண்டன

காற்றின் ஈரம். ஒட்டிய கட்டியைப் பிரிக்க முயன்று பயனில்லை, அதை விட்டுவிட்டு உதிரியாக இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இறுக மூடும் டப்பாவில், சிலிகா ஜெல் பை இரண்டு போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பயன்படுத்துங்கள். மருந்துக் குப்பிகளோடு வரும் சிறு பைகள் போதும். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில் வாங்கி வைக்க வேண்டாம்.

எதிரெதிர்ப் பக்கத்து ஸ்டாம்புகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன

தாளின் இரு பக்கமும் ஒட்டியிருப்பீர்கள். ஆல்பம் மூடும்போது ஒன்றின் பல் மற்றதன் பல்லில் மாட்டும், திறக்கும்போது கிழியும். ஒரு பக்கத்தில் மட்டும் ஒட்டுங்கள், அல்லது நடுவே கிளாசின் தாள் வையுங்கள். ஆல்பத்தைப் படுக்க வைத்து மேலே பாரம் ஏற்றாதீர்கள். புத்தகம் போல நிமிர்த்தி, இறுக்கம் இல்லாமல் வைத்தால் காற்று உள்ளே போய்வரும்.

பழுப்புப் புள்ளிகள் வருகின்றன

பல் ஓரத்தில் துரு பிடித்தாற்போலத் தொடங்கும். கடைக்காரர்களும் ‘துரு’ என்றே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இது இரும்புத் துரு இல்லை, ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் வரும் பூஞ்சை. நம் ஊர்க் காலநிலையில் மிக சகஜம். ஹிஞ்ச் இதை உண்டாக்கவில்லை என்றாலும், ஈரம் காயாமல் மூடிய ஆல்பம் அதை வளர்க்கும். ஒட்டி முடித்ததும் ஆல்பத்தை மூடிவிடாமல் அந்தப் பக்கத்தைத் திறந்தே வைத்துக் காயவிடுங்கள். புள்ளி வந்த ஸ்டாம்பை உடனே வேறு உறையில் தனியாக எடுத்து வையுங்கள், பக்கத்தில் இருப்பதற்குத் தாவும். அலமாரி வெளிச்சுவரை ஒட்டி இருந்தால் நகர்த்துங்கள். தை, மாசியில் ஒரு நாள் எல்லா ஆல்பத்தையும் எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் காற்றாட விடுங்கள், வெயிலில் மட்டும் வைக்காதீர்கள். வெயில் நிறத்தைத் தின்றுவிடும்.

முன்பக்கம் மஞ்சளாக ஒரு பட்டை தெரிகிறது

முதுகைத் திருப்பிப் பாருங்கள், செலோடேப் இருக்கும். ஹிஞ்ச் தீர்ந்த அவசரத்தில் யாரோ ஒட்டியது. டேப்பின் பசை காலப்போக்கில் தாளுக்குள் இறங்கி முன்பக்கம் வரை வந்துவிட்டது. டேப்பை எடுக்கலாம், கறை போகாது. ஹிஞ்ச் இல்லாத நாளில் ஸ்டாம்பு, ஒட்டாமல் செருகி வைக்கும் ஸ்டாக் புக்கில் காத்திருக்கட்டும். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சேகரிப்பு சொல்லிக்கொடுப்பவர்கள் முதல் நாளிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிள்ளைகள் கையில் எப்போதும் இருப்பது டேப்தான்.

‘ஹிஞ்ச் பட்டிருக்கிறது’ என்று சொல்லி விலையைக் குறைக்கிறார்கள்

அவர்கள் சொல்வது வியாபார வழக்கப்படி சரிதான். பசை முழுதாக, ஹிஞ்ச் தடமே இல்லாமல் இருக்கும் மின்ட் ஸ்டாம்புக்கு விலை அதிகம். அதனால் நான் பின்பற்றும் பிரிவினை இது. முத்திரை விழுந்த ஸ்டாம்புகளுக்கு ஹிஞ்ச். சுதந்திரத்துக்குப் பிந்தைய மின்ட் ஸ்டாம்புகளுக்கு மவுண்ட், அதாவது ஸ்டாம்பைச் செருகி வைக்கும், ஜெர்மனியின் ஹாவிட் போன்ற பிளாஸ்டிக் பட்டை. 1947 நவம்பர் 21 அன்று ‘ஜெய் ஹிந்த்’ என்ற எழுத்தோடு வந்த மூன்றரை அணா தேசியக் கொடி ஸ்டாம்பு மின்ட்டாகக் கிடைத்தால் அதன் முதுகில் ஹிஞ்ச் வைக்காதீர்கள். மவுண்டின் முதுகுப் பசையையும் ஒரு கோடு அளவுக்கு மட்டும் நனையுங்கள். ஈரம் வழிந்து உள்ளே போனால் காப்பாற்ற வந்த மவுண்டே ஸ்டாம்பைப் பிடித்துக்கொள்ளும்.

மிகப் பழைய மின்ட் ஸ்டாம்புகள் விஷயம் வேறு. அந்தக் காலத்தில் எல்லோரும் ஹிஞ்ச்தான் போட்டார்கள், அது குறையாக எண்ணப்படவே இல்லை. நூறு வருடத்து ஸ்டாம்பு ஒன்று பளிச்சென்ற பசையோடு, தடமே இல்லாமல் மலிவாகக் கிடைத்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். புதிதாகப் பசை பூசி விற்பவர்கள் உண்டு. பல் நுனிகளை லென்ஸில் பாருங்கள். ஷீட்டிலிருந்து பிரித்தபோது நார் நாராக மென்மையாக இருக்க வேண்டிய நுனிகள், பிறகு பசை பூசினால் பசை ஏறி விறைத்து நிற்கும்.

நீங்கள் விற்கும்போதும் ஹிஞ்ச் பட்டதா, தின் உண்டா என்பதை முதலிலேயே எழுதிக் கொடுங்கள். சித்தப்பாவின் 12 அணா இப்போது என்னிடம்தான் இருக்கிறது. புது ஆல்பத்துக்கு மாற்றியபோது அந்தப் பென்சில் வரியையும் அதன் கீழே அப்படியே எழுதி வைத்தேன்.